பஸ் ஸ்டாண்ட் கிளம்பிப் போச்சு... மார்க்கெட்டும் போகணுமா? கோயம்பேடு விவாதத்தில் என்ன இருக்கிறது?

விடியற்காலை 3 மணிக்கு சென்னையில் முழுசாக விழித்திருக்கும் இடங்கள் சிலவே. அதில் முதலிடம் கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டுக்குத்தான். நாசிக் வெங்காயம், கோலார் தக்காளி, ஊட்டி கேரட், ஒட்டன்சத்திரம் முருங்கை என்று லாரிகள் வரிசை கட்டி நிற்கும். தலையில் மூட்டையோடு "வழி, வழி" என்று குரல் கொடுத்தபடி ஓடும் சுமை தூக்கும் தொழிலாளி, சேற்றில் கால் வைத்து பேரம் பேசும் சில்லறை வியாபாரி, லோடு ஆட்டோக்காரர், டீக்கடைக்காரர் என எல்லோருக்கும் அது பகல்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் பேருந்து நிலையத்தின் கதை வேறு. தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய நாள் கால் வைக்க இடம் இல்லாமல் இருந்த அந்த வளாகத்தில், இப்போது பல நடைமேடைகள் காற்று வாங்குகின்றன. தென் மாவட்டப் பேருந்துகள் கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டன. அவை போன நாளில் இருந்து எழுந்த கேள்விதான் இன்றைய விவாதம். காலியாகும் இந்த நிலத்தை என்ன செய்வது? பழசாகிப்போன மார்க்கெட்டை அங்கேயே புதுப்பிப்பதா, அதையும் ஊருக்கு வெளியே தள்ளுவதா?

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு கட்டட விவகாரம். ஆனால் தக்காளி விலை, நைட் டூட்டி முடித்து வீடு திரும்புகிறவரின் பயணம், லாட்ஜில் வேலை பார்க்கும் பையனின் சம்பளம் எல்லாம் இதில் அடங்கியிருக்கிறது.

முதலில், கோயம்பேடு எப்படி 'கோயம்பேடு' ஆச்சு?

குறுங்காலீஸ்வரர் கோயிலும் வைகுண்டவாசப் பெருமாள் கோயிலும் உள்ள பழைய கிராமம் அது. கூவம் ஆறு பக்கத்தில் ஓடுகிறது. 1996-க்கு முன் சென்னைக்கான காய்கறி மொத்த வியாபாரம் ஜார்ஜ் டவுனில் இருக்கும் கொத்தவால் சாவடியில் நடந்தது. குறுகலான தெருக்கள், உள்ளே நுழைய முடியாத லாரிகள், குவியும் கழிவு. "இனி தாங்காது" என்று அரசு முடிவெடுத்தது.

கொத்தவால் சாவடி வியாபாரிகள் லேசில் சம்மதிக்கவில்லை. அன்றைக்குக் கோயம்பேடு என்றால் ஊருக்கு வெளியே. "அங்கே யார் வந்து வாங்குவாங்க?" என்பதுதான் அவர்களின் கேள்வி. கடைசியில் 1996-ல் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ., கட்டிய மொத்த விற்பனை வளாகம் திறக்கப்பட்டது. குறிப்பிட்ட பொருட்களின் மொத்த வியாபாரத்தை அரசு காட்டும் இடத்தில்தான் நடத்த வேண்டும் என்று அதே ஆண்டு ஒரு சட்டமும் வந்தது. காய், கனி, பூ என மூன்றுக்கும் சேர்த்து 3,000-க்கும் மேற்பட்ட கடைகள். மார்க்கெட் திட்டத்துக்கு என்று ஒதுக்கப்பட்ட மொத்த நிலம் ஏறத்தாழ 295 ஏக்கர்.

அடுத்து 2002 நவம்பரில், பாரிமுனை பகுதியில் இயங்கிய வெளியூர் பேருந்துகளுக்காக சுமார் 37 ஏக்கரில் கோயம்பேடு பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. ஆசியாவிலேயே பெரியது என்று அப்போது பெருமையாகச் சொன்னார்கள். 2015 ஜூனில் சென்னையின் முதல் மெட்ரோ ரயில் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையேதான் ஓடியது.

ஆக, ஊருக்கு வெளியே என்று சொல்லி மார்க்கெட்டைக் கொண்டுபோன இடம், 20 வருஷத்துக்குள் ஊரின் நடுவாகிவிட்டது. மார்க்கெட்டும் பஸ் ஸ்டாண்டும் சேர்ந்து கூட்டத்தைக் கொண்டுவந்தன. கூட்டத்தை நம்பி லாட்ஜுகள், மெஸ்கள், பார்சல் சர்வீஸ்கள், ஆம்னி பஸ் அலுவலகங்கள் வந்தன. யாரும் வரைபடம் போட்டுக் கட்டாத ஒரு வணிகப் பகுதி தானாகவே உருவானது.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

வடக்கே, ஆந்திரா நோக்கிப் போகும் பேருந்துகளுக்காக மாதவரம் பேருந்து நிலையம் 2018-ல் திறக்கப்பட்டது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் திறக்கப்பட்டது. பரப்பு 88 ஏக்கருக்கும் மேல். அடுத்த ஒரு மாதத்துக்குள் தென் மாவட்ட அரசுப் பேருந்துகள் அங்கே மாற்றப்பட்டன. ஆம்னி பேருந்துகளை ஊருக்குள் விடுவதா, வேண்டாமா என்ற சண்டை சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது.

கோயம்பேடு மூடப்பட்டுவிட்டதா என்றால், இல்லை. மாநகரப் பேருந்துகளோடு, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகிறவையும், பூந்தமல்லி வழியாக வேலூர், ஓசூர், பெங்களூரு பக்கம் போகிறவையும் இங்கே தொடர்ந்தன. இதில் மேற்கு நோக்கிப் போகும் பேருந்துகளுக்காகக் குத்தம்பாக்கத்தில் ஒரு முனையம் என்பதும் திட்டத்தில் இருக்கிறது. அதுவும் முழுமையாக இயங்கத் தொடங்கினால் கோயம்பேட்டின் வேலை இன்னும் சுருங்கும்.

பேருந்து போனதும் முதலில் அடி வாங்கியது நிலையத்துக்கு வெளியே இருந்த கடைகள். பயணியை நம்பித்தான் டிபன் கடை, வாட்டர் பாட்டில், போன் சார்ஜர், பூ, பழம் எல்லாம். பயணி 30 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டார். கடை இங்கேயே நிற்கிறது.

இந்த நிலத்துக்கு ஏன் இவ்வளவு போட்டி?

ஜவாஹர்லால் நேரு சாலை என்கிற நூறடி ரோடும், பூந்தமல்லி நெடுஞ்சாலையும் சந்திக்கும் இடம் கோயம்பேடு. மெட்ரோ ஏற்கெனவே ஓடுகிறது. இரண்டாம் கட்ட மெட்ரோவில் மாதவரம் – சோழிங்கநல்லூர் வழித்தடமும் இந்த வட்டாரத்தைத் தொட்டுத்தான் போகிறது. கோயம்பேட்டில் இருந்து ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை 21 கிலோமீட்டருக்கும் மேல் மெட்ரோ கொண்டுபோகும் திட்டமும் பேசப்படுகிறது. அண்ணா நகர் ஒரு பக்கம், வடபழனி மறுபக்கம்.

இப்படி ஒரு சந்திப்பில், அரசின் கையில், ஒரே துண்டாக இவ்வளவு பெரிய நிலம் சென்னைக்குள் இனிமேல் கிடைப்பது கஷ்டம். பொதுத் தேவைக்கு என்று சொல்லி அரசு எடுத்த நிலம் இது. அதனால்தான் "இதை யாருக்குக் கொடுக்கப்போகிறீர்கள்?" என்ற கேள்வி இவ்வளவு சூடாக இருக்கிறது.

யார் என்ன கேட்கிறார்கள்?

*பூங்கா வேண்டும் என்பவர்கள்:* பேருந்து நிலையம் இருந்த இடத்தைப் பெரிய பசுமைப் பூங்காவாக மாற்ற வேண்டும் என்று பா.ம.க. 2024 தொடக்கத்திலேயே கேட்டது. மேற்குச் சென்னைவாசிகள் பலரின் ஆசையும் அதுதான். மழை வந்தால் தண்ணீர் தேங்கும் பகுதி, கூவம் பக்கத்தில், கான்கிரீட் தவிர வேறெதுவும் இல்லை. மண்ணையும் மரத்தையும் கொஞ்சமாவது மிச்சம் வையுங்கள் என்கிறார்கள்.

*வணிக வளாகம் வரட்டும் என்பவர்கள்:* மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் அடர்த்தியாகக் கட்டினால்தான் மக்கள் காரை விட்டு ரயிலுக்கு மாறுவார்கள் என்பது நகரத் திட்டமிடலில் ஏற்கப்பட்ட வாதம். அலுவலகம், ஓட்டல், கடைகள் வந்தால் வேலையும் வரும், அரசுக்கு வருமானமும் வரும். இங்கே பெரிய மால் வரப்போகிறது என்று ஒரு பேச்சு 2024-ல் வேகமாகப் பரவியது. அரசுத் தரப்பு அதை மறுத்தது.

*பேருந்து நிலையமாகவே இருக்கட்டும் என்பவர்கள்:* வட சென்னை, மேற்கு சென்னையில் இருந்து கிளாம்பாக்கம் போவதே ஒரு வெளியூர்ப் பயணம் மாதிரி. பாதிப் பேருந்துகளையாவது இங்கே திருப்புங்கள் என்பது இவர்களின் கோரிக்கை.

*மார்க்கெட் வியாபாரிகள்:* "எங்களைக் கிளப்பாதீர்கள், இங்கேயே சரிசெய்து கொடுங்கள்." சுருக்கமாக இதுதான். வடிகால், கழிப்பறை, குடிநீர், பார்க்கிங், குளிர்பதனக் கிடங்கு, குப்பை அகற்றல் என்று அவர்களின் பட்டியல் நீளம்.

நான்கு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அதனாலேயே இதை ஒரு அறிவிப்பில் முடித்துவிட முடியாது.

மார்க்கெட் நிஜமாகவே மோசமாகத்தான் இருக்கிறதா?

ஆமாம். அதை மறைக்க வேண்டியதில்லை. 1996-ல் கட்டிய வளாகம், அன்றைய சென்னையின் வயிற்றுக்கு ஏற்ப அளந்து கட்டப்பட்டது. அதற்குப் பிறகு நகரம் எங்கேயோ போய்விட்டது. லாரிகளின் அளவு பெரிதாகிவிட்டது. மொத்த வியாபாரத்துக்கான இடத்தில் சில்லறையும் கலந்து நடக்கிறது. நடைபாதைகளில் மூட்டைகள். மழை பெய்தால் அழுகிய இலையும் சேறும் சேர்ந்து கணுக்கால் வரை.

கழிவுதான் பெரிய தலைவலி. காய்கறிக் கழிவில் இருந்து எரிவாயு எடுத்து மின்சாரம் தயாரிக்க, நாள் ஒன்றுக்கு 30 டன் கொள்ளளவில் ஒரு ஆலையே இங்கே 2005-ல் அமைக்கப்பட்டது. நல்ல யோசனை. ஆனால் அது போன்ற ஆலை ஓட வேண்டுமானால் குப்பை பிரித்து வர வேண்டும், இயந்திரத்தைப் பராமரிக்க ஆளும் பணமும் வேண்டும். கோயம்பேட்டின் பழைய குறை இதுதான். கட்டும்போது காசு இருக்கும். திறப்பு விழா நடக்கும். பராமரிப்பு என்று வரும்போது யாரும் இருக்க மாட்டார்கள்.

எனவே "மார்க்கெட் நாறுகிறது, தூக்கிப் போடு" என்று சொல்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். நாறுவதற்குக் காரணம் மார்க்கெட் இருக்கும் இடமா, அதைப் பார்த்துக்கொள்ளாத நிர்வாகமா? நிர்வாகம்தான் காரணம் என்றால், 20 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோனாலும் பத்து வருஷத்தில் அங்கேயும் இதே நாற்றம்தான்.

மார்க்கெட்டை வெளியே கொண்டுபோனால் என்ன ஆகும்? ஒரு தடவை பார்த்தாச்சே!

2020 மே மாதம் அது நடந்தது. கொரோனா முதல் அலையில் கோயம்பேடு பெரிய தொற்று மையமானது. அங்கே வேலை பார்த்து ஊர் திரும்பியவர்கள் மூலம் கடலூர், அரியலூர், விழுப்புரம் வரை பரவியது. மே 5 அன்று மார்க்கெட் மூடப்பட்டது. காய்கறி வியாபாரம் திருமழிசைக்கும், பழம், பூ வியாபாரம் மாதவரத்துக்கும் தற்காலிகமாக மாற்றப்பட்டது.

திருமழிசையில் என்ன நடந்தது என்று வியாபாரிகளைக் கேட்டால் இப்போதும் பெருமூச்சு விடுவார்கள். திறந்தவெளியில் தகரக் கொட்டகை, குறைந்த எண்ணிக்கையில் கடைகள். மழை பெய்ததும் தரை சகதி. சரக்கை வைத்துப் பாதுகாக்க இடமில்லை. சின்ன வியாபாரிகள் பலருக்கு அங்கே இடமே இல்லை. அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் காய்கறி மொத்தக் கடைகள் மறுபடி கோயம்பேட்டில் திறக்கப்பட்டன.

அது பெருந்தொற்றுக் காலம், அவசர ஏற்பாடு என்பது உண்மை. நிதானமாகக் கட்டினால் நன்றாகவே கட்டலாம். ஆனால் தூரம் என்ற பிரச்சினையை எந்தக் கட்டடமும் தீர்க்காது.

ஒரு உதாரணக் கணக்கு. தெருமுனையில் காய்கறிக் கடை வைத்திருப்பவர் தினமும் லோடு ஆட்டோவில் 150 கிலோ காய் எடுத்து வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்க்கெட் தள்ளிப் போவதால் ஆட்டோ வாடகை 300 ரூபாய் கூடுகிறது. கிலோவுக்கு 2 ரூபாய் ஏறியாச்சு. அந்த 2 ரூபாயைக் கடைக்காரர் தன் கையில் இருந்து கொடுக்க மாட்டார், கொடுக்கவும் முடியாது. அது அடுப்படிக்குத்தான் வந்து சேரும். இரண்டு மணிக்கு எழுந்து போகிறவர் ஒரு மணிக்கே எழ வேண்டும் என்பது தனிக் கணக்கு. அதற்கு யாரும் பில் போடுவதில்லை.

வெளிநாட்டில் இந்த மாதிரி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. கோயம்பேட்டுக்கு நெருக்கமான இரண்டு பாடங்கள் பாரிஸிலும் லண்டனிலும் இருக்கின்றன.

பாரிஸ் நகரின் நடுவில் லே ஆல் என்ற பழைய உணவு மார்க்கெட் இருந்தது. 1969-ல் அதை ஊருக்கு வெளியே ருன்ஜிஸுக்கு மாற்றினார்கள். 1971-ல் இரும்பும் கண்ணாடியுமான அழகான பழைய கூடங்களை இடிக்கத் தொடங்கினார்கள். அடுத்த பல ஆண்டுகள் அங்கே இருந்தது ஒரு பெரிய குழி. 1979-ல் தரைக்கு அடியில் ஒரு ஷாப்பிங் மால் திறந்தார்கள். அது பலருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் அதையும் மாற்றிக் கட்டி, மேலே புதிய கூரை போட்டு 2016-ல் திறந்தார்கள். ஒரு மார்க்கெட்டை அகற்றிய இடத்தைச் சரிசெய்ய கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு!

லண்டன் கோவென்ட் கார்டன் மார்க்கெட்டும் 1974-ல் வேறு இடத்துக்குப் போனது. சுற்றியிருந்த பகுதியை இடித்து அகலச் சாலையும் அலுவலகங்களும் கட்டத் திட்டம் இருந்தது. அங்கே குடியிருந்தவர்கள் போராடினார்கள். 1973-ல் 200-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அரசு பாதுகாக்கப்பட்டவையாக அறிவித்ததும் திட்டம் நின்றது. பழைய மார்க்கெட் கட்டடம் புதுப்பிக்கப்பட்டு 1980-ல் கடைகளோடு திறந்தது. கூட்டம் இன்றும் குறையவில்லை. ஆனால் அதிலும் ஒரு உறுத்தல் உண்டு. கட்டடம் பிழைத்தது, காய்கறிக்காரர் அங்கே இல்லை.

உள்ளூர் உதாரணமும் இருக்கிறது. தி.நகர் பாண்டி பஜாரில் நடைபாதை வியாபாரிகளை 2013-ல் அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றினார்கள். தெருவில் போகிறபோக்கில் ஹேர்கிளிப் வாங்குகிறவர் மாடி ஏறி வந்து வாங்குவாரா? வியாபாரம் படுத்துவிட்டது என்பது அங்கே போனவர்கள் சொன்ன புகார். இடம் கொடுத்தால் போதும், பிழைப்பும் கூடவே வந்துவிடும் என்று நினைத்ததில்தான் கோளாறு.

கணக்கில் வராதவர்கள்

மறுசீரமைப்பு என்றாலே பேச்சுவார்த்தைக்கு அழைக்கப்படுவது சங்கங்கள். கடை தன் பேரில் வைத்திருப்பவருக்கு ஆவணம் இருக்கிறது, குரல் இருக்கிறது. அந்தக் கடையை வாடகைக்கு எடுத்து நடத்துபவர், கடைக்கு முன்னால் கூடை போட்டு விற்கும் அம்மா, மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தொழிலாளி, கொத்தமல்லிக் கட்டு பிரிப்பவர், உதிர்ந்த காயைப் பொறுக்கி விற்பவர் ஆகியோருக்கு என்ன ஆவணம் இருக்கிறது?

தெரு வியாபாரிகளைக் கணக்கெடுத்து, அவர்களின் பிரதிநிதிகள் அடங்கிய குழுவோடு பேசித்தான் இடம் மாற்ற வேண்டும் என்று 2014 தெரு வியாபாரிகள் சட்டம் சொல்கிறது. சுமை தூக்குபவருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. மார்க்கெட் ஒரு மாதம் மூடினால் முதலாளிக்கு நஷ்டம். தொழிலாளிக்கு அடுப்பு எரியாது.

அப்போ என்னதான் செய்வது?

எதையும் தொடாமல் அப்படியே விட வேண்டும் என்பது பதில் இல்லை. பாதி காலியான பேருந்து நிலையமும், சேற்றில் நிற்கும் மார்க்கெட்டும் யாருக்கும் பெருமை அல்ல. ஆனால் எதை முதலில் செய்வது, எதை அடுத்து செய்வது என்ற வரிசை முக்கியம்.

கிளாம்பாக்கம் சொல்லித் தந்த பாடமே அதுதான். முனையம் முதலில் திறந்தது. பக்கத்து ரயில் நிலையமும், விமான நிலையத்தில் இருந்து கொண்டுபோக வேண்டிய 15 கிலோமீட்டர் மெட்ரோவும் பிறகு வரும் என்றார்கள். நடுவில் மூட்டை முடிச்சோடு அலைந்தது பயணி. கோயம்பேட்டில் அந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். மாற்று ஏற்பாடு முதலில், இடிப்பது கடைசியில்.

முதல் வேலை, மொத்த நிலத்துக்கும் ஒரே திட்டம். பேருந்து நிலையம் தனி, ஆம்னி நிலையம் தனி, மார்க்கெட் தனி என்று துண்டு துண்டாக முடிவெடுத்தால், கடைசியில் மிஞ்சுவது யாருக்கும் உதவாத ஒட்டுத்துணி. சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளானின் காலம் 2026-ஓடு முடிகிறது. அடுத்த 20 ஆண்டுக்கான மூன்றாவது பிளான் தயாராகும் நேரம் இது. கோயம்பேட்டை அதில் வைத்துப் பேசுவதுதான் முறை.

இரண்டாவது, நிலத்தை விற்கக் கூடாது. தனியார் முதலீடு வரட்டும், தப்பில்லை. ஆனால் குத்தகைக்கு மட்டும், காலவரம்போடு, ஒப்பந்தம் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடப்பட்டு. கிடைக்கும் வருமானத்தில் ஒரு பங்கு மார்க்கெட் பராமரிப்புக்கு என்று எழுதியே வைக்க வேண்டும். பொது நிலத்தில் வரும் லாபத்தை வைத்து அதே பொதுமக்களின் மார்க்கெட்டில் கழிப்பறை கூடக் கட்டவில்லை என்றால், அது என்ன வளர்ச்சி?

மூன்றாவது, காலியாகும் பேருந்து நிலைய நிலத்தில் கணிசமான பங்கு மண்ணாகவும் மரமாகவும் இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கும் பகுதியில் பூங்கா என்பது மழைநீரை வாங்கிக்கொள்ளும் பாத்திரமும் கூட. மீதியில் மாநகரப் பேருந்துகளும் மெட்ரோவும் ஒரே கூரையில் சந்திக்கும் நிலையம், அதற்கு மேல் அலுவலகம் என்று கட்டலாம். பூங்காவா, கட்டடமா என்ற சண்டைக்கு 37 ஏக்கரில் இரண்டுக்குமே இடம் இருக்கிறது.

நான்காவது, மார்க்கெட்டை அங்கேயே, பகுதி பகுதியாகப் புதுப்பிப்பது. ஒரு பிளாக் காலியாகும்போது அங்கிருப்பவர்களுக்கு வளாகத்துக்குள்ளேயே தற்காலிக இடம். அது முடிந்ததும் அடுத்த பிளாக். நேரம் பிடிக்கும், ஆனால் ஒரு நாள் கூட வியாபாரம் நிற்காது. எதிர்காலத்தில் பெரிய லாரிகளில் வரும் சரக்குக்கு நகரத்தின் மூன்று திசைகளில் துணைச் சந்தைகள் வரலாம். அது கோயம்பேட்டின் சுமையைக் குறைக்கத்தான், கோயம்பேட்டை மூடுவதற்கு அல்ல.

கடைசியாக, தலை எண்ணுங்கள். கடைகளை மட்டும் எண்ணினால் போதாது. ராத்திரி 12 மணிக்கும், விடியற்காலை 4 மணிக்கும் போய் அங்கே வேலை பார்க்கும் ஒவ்வொருவரையும் பதிவு செய்து அடையாள அட்டை கொடுத்த பிறகே முதல் கடப்பாரை விழ வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டமும் பகல் 11 மணிக்கு ஏ.சி. அறையில் நடந்தால், கேட்கப்பட வேண்டியவர்கள் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களின் பகல் வேறு.

30 வருஷத்துக்கு முன் கொத்தவால் சாவடிக்காரர்களிடம் சென்னை ஒரு வாக்குக் கொடுத்தது. "ஊருக்கு வெளியே வாங்க, அங்கே நல்லபடியா வெச்சுக்கறோம்" என்பதுதான் அது. அவர்கள் வந்தார்கள். ஊர் அவர்கள் பின்னாலேயே வந்து சேர்ந்தது. நிலத்தின் விலை ஏறியதற்கு அவர்களின் வியாபாரமும் ஒரு காரணம். விலை ஏறிவிட்டது என்பதற்காக, அதை ஏற்றியவர்களிடமே மறுபடி "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்க" என்று சொல்வதற்கு முன், பழைய வாக்கு என்ன ஆச்சு என்று அரசு ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும்.